தொட்டியில் இருப்பது சம்பங்கிதானா?

"ஓசூரில் மொட்டை மாடித் தொட்டியில் சம்பங்கிக் கிழங்கு வைத்து எட்டு மாதமாகிறது. புல் மாதிரி இலை மட்டும் மண்டிக் கிடக்கிறது, பூவே இல்லை. 'சம்பங்கி மரமாச்சே, ஏமாந்துட்டீங்க' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

ஏமாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கன்னடமோ தெலுங்கோ பேசுபவராக இருக்கும். நாம் செண்பகம் என்கிற மரத்தைத்தான் அவர்கள் சம்பிகே, சம்பங்கி என்கிறார்கள். பெங்களூரு மல்லேஸ்வரத்துச் சம்பிகே ரோடு அந்த மரத்தின் பெயரில் உள்ளதுதான். உங்களிடம் இருப்பது நிலசம்பங்கி, மாலை கட்டும் வெள்ளைப் பூ. கன்னடத்தில் சுகந்தராஜ, வடக்கே ரஜனிகந்தா. பூர்வீகம் மெக்சிகோ. ஆங்கிலத்தில் டியூப்ரோஸ் என்றாலும் ரோஜாவுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. கிழங்குள்ளது என்று பொருள்படும் லத்தீன் சொல் அப்படித் திரிந்துவிட்டது. தாவரவியலார் இப்போது இதை ஆனைக்கற்றாழையின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள்!

சரி, பூவுக்கு வருவோம். நட்ட மூன்று, மூன்றரை மாதத்தில் பூந்தண்டு வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தேகம் கிழங்கின் மேல்தான். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குதான் சொன்ன நேரத்தில் பூக்கும். பொடிக் கிழங்கு என்றால் முதல் வருடம் தன்னைப் பருக்க வைத்துக்கொள்வதிலேயே போய்விடும். இன்னொன்று, ஒரு கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். அடுத்த பூ பக்கக் கிழங்கிலிருந்து வர வேண்டும். அதனால் ஏற்கெனவே பூத்து முடிந்த தாய்க் கிழங்கை வாங்கி நட்டாலும் இதே கதைதான்.

விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். பொடிக் கிழங்குகள் நெருக்கியடித்துக் கிடந்தால், இலை பழுக்கும்வரை விட்டுத் தோண்டியெடுங்கள். ஒரு மாதம் நிழலில் உலர்த்தி, பருமனானவற்றை மட்டும் ஆனி, ஆடியில் நடுங்கள். ஆழம் ஓரங்குலம் போதும். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். யூரியா போடுகிற பழக்கமிருந்தால் நிறுத்துங்கள், அது இலைக்குத்தான் தீனி.

வாசனைக்காக வளர்ப்பவர் ஒற்றையடுக்கு ரகம் கேட்டு வாங்குங்கள்; அடுக்குச் சம்பங்கி பூங்கொத்துக்கு அழகு, மணம் குறைவு. ஒற்றையில் பிரஜ்வல் கிடைத்தால் நல்லது. அதன் மொட்டு நுனி லேசாக இளஞ்சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேறு பூவைத் தந்துவிட்டார்கள் என்று பயந்துவிடாதீர்கள், விரிந்தால் வெள்ளைதான்.