சொல் கேட்டவர்களுக்கு: ‘பரவல்’ எங்கே போனது?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி ஒரே சொல்லைப் பற்றியவை. எந்த வகுப்பில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

‘அணு ஆயுதப் பரவல் தடை’ என்பதா, ‘பெருக்கத் தடை’ என்பதா? (வாசகி, பள்ளத்தூர்)

இரண்டும் புழங்குகின்றன. நான் ‘பரவல்’ பக்கம். உங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் பழைய பேரேடுகள் அடுக்கிய அலமாரியில் கறையான் ஏறிவிட்டது என்று வையுங்கள். ஒரு பேரேட்டில் இருந்தது பத்துப் பேரேட்டுக்கு வந்தால் பெருக்கம். பொதுச்சுவர் தாண்டிப் பங்காளி வீட்டு அலமாரிக்குப் போனால் பரவல். 1968-ல் கையெழுத்துக்கு வந்து 1970-ல் அமலான அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் கறாராகத் தடுப்பது இந்தப் பரவலைத்தான். வைத்திருப்பவர்கள் தங்கள் இருப்பைக் கூட்டிக்கொண்டே போவதைப் பற்றி ஆறாவது பிரிவில் ஒரு வாக்கியம் உண்டு. நல்லெண்ணத்தோடு பேசுவோம் என்கிறது, அவ்வளவே. துறைக்காரர்கள் இருப்பைக் கூட்டுவதைச் செங்குத்துப் பரவல், புதிய கைக்குப் போவதைக் கிடைமட்டப் பரவல் என்று பிரிப்பார்கள். எனக்குக் கறையானே போதும்.

‘பரவாமை’ என்று மொழிபெயர்த்தால் என்ன? ஆங்கில மூலச் சொல்லில் (non-proliferation) ‘தடை’ இல்லையே. (ஆசிரியர், காரைக்குடி)

நியாயம். கொல்லாமை, கள்ளாமை வரிசையில் அழகாகவும் நிற்கும். இன்னும் ஒரு படி மேலே போகலாம்: முதல் பிரிவு வைத்திருப்பவர்களுக்குக் கொடாமை, இரண்டாம் பிரிவு இல்லாதவர்களுக்குக் கொள்ளாமை. ஆனால் ‘தடை’ ஐம்பது வருஷமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பிய்த்தால் சுண்ணாம்போடு வரும்.

‘அணு ஆயுதத் தடைச் சட்டத்தில்’ இந்தியா கையெழுத்துப் போட்டதா இல்லையா? ஒரே வரியில் சொல்லவும். (போட்டித் தேர்வு எழுதுபவர், தேவகோட்டை)

ஒரே வரியில் சொல்ல முடியாதபடி கேட்டுவிட்டீர்கள். முதலில், நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்வது ஒப்பந்தம். நாடாளுமன்றம் போடுவது சட்டம். சட்டத்தில் எந்த நாடும் கையெழுத்துப் போடாது. இதை எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

இரண்டாவது, ‘பரவல்’ எங்கே? தலைப்பில் இடம் போதவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் முதலில் வெட்டுவது அந்தச் சொல்லைத்தான். வெட்டினால் பொருளே மாறிப்போகிறது. 1968 ஒப்பந்தம் அணு ஆயுதத்தைத் தடை செய்யவில்லை. 1967 ஜனவரி 1-க்கு முன்னால் வெடித்துக் காட்டிய ஐந்து பேர் (அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா) அணு ஆயுத நாடுகள், மற்றவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதுதான் அதன் கணக்கு. நாம் பொக்ரானில் வெடித்தது 1974-ல். அந்தக் கணக்கு பாரபட்சம் என்பதே டெல்லியின் பழைய வாதம். ஆயுதத்தையே தடை செய்யும் ஒப்பந்தம் வேறு. அது 2017-ல் ஐ.நா.வில் நிறைவேறி 2021-ல் அமலுக்கு வந்தது. வெடித்துப் பார்ப்பதைத் தடுக்கும் 1996 ஒப்பந்தம் மூன்றாவது. அது இன்னும் அமலுக்கே வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வினாடி வினாவுக்கு நடுவராகப் போயிருந்தேன். ‘இந்தியா கையெழுத்திடாத அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் எந்த ஆண்டினது?’ என்று அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்தார்கள். ஒரு பையன் 1996 என்றான். அட்டையின் பின்புறம் 1968 என்று இருந்தது. 2017 என்று சொல்லியிருந்தாலும் சரிதான், மூன்றிலும் நாம் கையெழுத்திடவில்லை. மதிப்பெண் கொடுங்கள் என்றேன். அட்டையில் இருப்பதுதான் விடை என்றார் அமைப்பாளர். பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தான். விழுங்கப்பட்ட ஒரு ‘பரவல்’ அவனுக்குப் பத்து மதிப்பெண் நஷ்டம்.

உங்களுக்கு வேண்டிய வரி: பரவல் தடை ஒப்பந்தத்தில் சுமார் 190 நாடுகள் சேர்ந்திருக்கின்றன. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் சேரவே இல்லை. வடகொரியா சேர்ந்து, 2003-ல் விலகுவதாக அறிவித்தது.

ஆயுதக் குறைப்பு, ஆயுதக் களைவு இரண்டும் ஒன்றா? (கானாடுகாத்தான்)

இல்லை. வயலில் நாலு களையைப் பிடுங்குவது குறைப்பு. களையே இல்லாமல் செய்வது களைவு. பரவல் தடை இரண்டுமல்ல. அடுத்த வயலுக்கு விதை போகாமல் பார்ப்பது.

ரசாயன ஆயுதத்துக்கும் ‘பரவல் தடை’ பொருந்துமா? (தேவகோட்டை)

சொல் பொருந்தும். ஆனால் 1993 ரசாயன ஆயுத ஒப்பந்தம் யாரையும் வைத்திருக்க விடவில்லை, இருந்ததை அழிக்கவும் சொன்னது. அங்கே ‘தடை’ என்று தனியாக எழுதலாம், தப்பில்லை. இந்தியா அதில் சேர்ந்து, தன் கையிருப்பை அழித்தும் முடித்தது. அணு, ரசாயனம், உயிரி மூன்றையும் சேர்த்துச் சொல்ல ‘பேரழிவு ஆயுதங்கள்’ என்று எழுதுங்கள். அதற்கு 2005-ல் நம் நாடாளுமன்றம் போட்டது சட்டம். கவனியுங்கள், சட்டம்.

எங்கள் கடையில் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. பரவல் தடையில் வருமா? (பழம்பொருள் வியாபாரி, காரைக்குடி)

வராது. 1959 ஆயுதச் சட்டத்தில் வரும். எனக்கு எழுதுவதை விட்டுவிட்டு உரிம விஷயத்தைக் கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள், இன்றைக்கே.

‘ஆயுத பரவல்’ என்று ப் இல்லாமல் எழுதலாமா? (கோட்டையூர்)

கூடாது. ஆயுதப் பரவல். ‘பரவல் தடை’யை இலக்கணப்படி சேர்த்தால், சொற்றொடர் மாதிரி, ‘பரவற்றடை’ என்று வரும். தயவுசெய்து யாரும் அப்படி எழுதிவிடாதீர்கள்.

‘மேற்படி சொல்லின் பொருள் என்ன? நாளை தேர்வு, அவசரம்.’ (பெயர், ஊர் இல்லை)

மேற்படி எதுவும் இல்லை, வெறும் தாள்தான் இருந்தது. சொல்லை அது வந்த வாக்கியத்தோடு எழுதி அனுப்புங்கள்.