வாயடைக்கும் எம்.கே-801: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வளர்ப்புத் தட்டில் இருந்த எலி நியூரான்களுக்கு (நரம்பு செல்களுக்கு) எம்.கே-801 என்ற ஆய்வக மருந்தைக் கொடுத்தோம். என்.எம்.டி.ஏ ஏற்பிகளின் வழியே ஓடும் மின்னோட்டம் அடங்கியது. நெடுநேரம் கழுவியும் திரும்பவில்லை. செல் செத்துவிட்டதா?

பதில்: அவசரப்பட்டுத் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். இந்த மூலக்கூறு, ஏற்பியில் குளுட்டமேட் (நியூரான்கள் சமிக்ஞை அனுப்பும் வேதிப்பொருள்) அமரும் இடத்துக்குப் போட்டியிடுவதில்லை. அந்த ஏற்பியின் அயனி வாய்க்கால் திறந்திருக்கும்போது துளைக்குள் இறங்கிவிடுகிறது. வாய்க்கால் மூடியதும் உள்ளேயே சிறைப்படுகிறது. மூடிய வாய்க்காலை நாள் முழுக்கக் கழுவி என்ன பயன்? அது திறக்க குளுட்டமேட்டோ, அதைப் போலச் செயல்படும் என்.எம்.டி.ஏவோ வேண்டும், கூடவே கிளைசினும் வேண்டும். என்.எம்.டி.ஏ, கிளைசின் இரண்டையும் கொடுத்தபடியே செல்லின் சவ்வு மின்னழுத்தத்தை +30 மில்லிவோல்ட்டில் பிடித்து வையுங்கள். எம்.கே-801 நேர்மின்னூட்டம் கொண்டது. அந்த மின்னழுத்தம் அதை வெளியே தள்ளும், சில நிமிடங்களிலேயே மின்னோட்டம் மீளத் தொடங்கும். −70இல் பிடித்தால் ஒரு மணி நேரமும் போதாது.

இந்தப் பிடிவாதம் தொல்லை மட்டுமல்ல. 1993இல் இதையே அளவுகோலாக்கினார்கள்: மருந்து இருக்கும்போது சினாப்ஸை (இரு நியூரான்கள் இணையும் இடத்தை) திரும்பத் திரும்பத் தூண்டி, மின்னோட்டம் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று பார்த்தார்கள். வேகமாகத் தேய்ந்தால், அந்த சினாப்ஸ் குளுட்டமேட்டை வெளிவிடும் நிகழ்தகவு அதிகம். எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று.

கேள்வி: மயக்க மருந்தான கீட்டமினும் அல்சைமர் மருந்தான மெமான்டினும் இதே துளையைத்தானே அடைக்கின்றன? அவை மட்டும் எப்படி மருந்தாயின?

பதில்: துளையை விட்டு வெளியேறும் வேகம்தான் முக்கிய வேறுபாடு. மெமான்டினின் பிடி தளர்வானது, சட்டென்று விலகிவிடும். 2003இல் அமெரிக்காவில் அல்சைமர் நோய்க்கு அனுமதி பெற்றது. இங்கே மாணவர்கள் வழக்கமாகக் குழம்புகிறார்கள்: மெமான்டினின் அரை ஆயுள் 60 முதல் 80 மணி நேரம். உடலில் தங்குவது வேறு, துளையில் தங்குவது வேறு. மெமான்டின் தாங்கத்தக்கதாக இருப்பதற்கு இந்த வேகம் ஒன்றே காரணம் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கொடுக்கும் அளவுக்கும் அதில் பங்குண்டு.

கேள்வி: நினைவாற்றலுக்காக எம்.கே-801 சாப்பிடலாமா?

பதில்: கூடாது. இது நினைவைக் கெடுக்கும் பொருள். எலிகளில் மறதியை உண்டாக்கவே இதைக் கொடுக்கிறார்கள்.

கேள்வி: பக்கவாதத்தில் மூளையைக் காக்கும் என்றார்களே, என்னவாயிற்று?

பதில்: வலிப்பை அடக்கும் பொருளாக மெர்க் நிறுவனத்தில் உருவானது இது. என்.எம்.டி.ஏ ஏற்பியைத்தான் தடுக்கிறது என்று 1986இல் தெரிந்ததும், ரத்த ஓட்டம் நின்ற மூளையில் குளுட்டமேட் செய்யும் நாசத்தை இது தடுக்கும் என்று பலரும் நம்பினார்கள். 1989இல் நரம்பியல் ஆய்வாளர் ஓல்னியின் குழு, இதைக் கொடுத்த எலிகளின் பெருமூளைப் புறணியில் சில நியூரான்களுக்குள் சேதத்தைக் காட்டும் நுண்குமிழிகளைக் கண்டது. அடுத்த ஆண்டு இன்னொரு அடி விழுந்தது. ஜெர்பில்களுக்கு (எலி போன்ற சிறு விலங்குகளுக்கு) இதைக் கொடுத்தால் உடல் வெப்பம் குறைகிறது; வெப்பத்தைக் குறையாமல் வைத்தபோது பாதுகாப்பும் காணாமல் போனது. காத்தது குளிர்ச்சிதான். இன்றும் எலிக்கு இதை ஊசியில் ஏற்றுபவர்கள் மலக்குடல் வெப்பமானியை ஒதுக்கி வைத்தால், அந்த முடிவுகளை நான் நம்பமாட்டேன்.