காலி அறைகளும் பதின்மூன்று படங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் ஹாலோவீன் என்ற அமெரிக்கத் திகில் பட வரிசையின் 13 படங்களையும் ஒரு மாதமாக உட்கார்ந்து பார்த்து முடித்தோம். முதல் படம் எங்களை உலுக்கிவிட்டது. அப்புறம் ஒரே குழப்பம். ஒரு படத்தில் நாயகி லாரி, முகமூடிக் கொலைகாரன் மைக்கேலின் தங்கை, இன்னொன்றில் உறவே இல்லை. நான்காம் பாகத்தில் அவள் விபத்தில் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். 1998இல் உயிரோடு வருகிறாள், 2002இல் சாகிறாள், 2018இல் பேத்தியோடு நிற்கிறாள். இதில் எதுதான் கதை? இத்தனை பாகங்களும் பணத்துக்காக மட்டும் எடுத்தவையா? முதல் படத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறாள் மகள்.

கி., ஈரோடு

அன்புள்ள கி.,

மகள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதில்.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 4, 5, 6 ஆகிய மூன்றும் ஒரே இழை. 1998இல் வந்த படம் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாம் பாகத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. 2018 படம் இரண்டாம் பாகத்தையும் சேர்த்து எல்லாவற்றையும் கழித்துவிட்டு 1978இல் வந்த முதல் படத்திலிருந்து தொடர்ந்தது. இயக்குநர் ராப் ஸோம்பி கதையை முதலிலிருந்து புதிதாக எடுத்த இரண்டும் தனிக்கணக்கு. மூன்றாம் பாகம் வேறு உலகம், அதற்கு வருகிறேன்.

முதல் படம் சுமார் 3 லட்சம் டாலரில், ஏறக்குறைய இருபது நாளில் எடுத்தது. கதை நடப்பது இலினாய் மாநிலத்தின் அக்டோபர் மாதத்தில். படம் பிடித்ததோ கலிஃபோர்னியாவின் வசந்தத்தில். உதிர்ந்த இலைகளுக்கு எங்கே போவது? செயற்கை இலைகளுக்குப் பெயிண்ட் அடித்துத் தெருவில் தூவினார்கள், ஷாட் முடிந்ததும் பொறுக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் தூவினார்கள். கொலைகாரனின் முகமூடி, கடையில் வாங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கர்க் முகமூடி. புருவத்தைப் பிடுங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்துவிட்டார்கள். இசையும் இயக்குநர் ஜான் கார்பென்டருடையதுதான். சிறுவயதில் அவருடைய அப்பா பாங்கோ மேளத்தில் கற்றுக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளம் அது. தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக தக. நான்கு நான்காக எண்ணிப் பழகிய காது அடுத்த அடியைத் தேடித் தவறவிடும். அந்தத் தவறுதலிலேயே பயம் தொடங்கிவிடுகிறது.

இப்போது அந்த முடிவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மைக்கேலின் மனநல மருத்துவர் லூமிஸ் அவனை ஆறு முறை சுடுகிறார். மாடியிலிருந்து அவன் விழுகிறான். லூமிஸ் எட்டிப் பார்க்கிறார். புல்தரையில் யாரும் இல்லை. இந்த இடத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, அதிர்ச்சியாகவா, இது நடக்கும் என்று தெரிந்தவர் போலவா என்று லூமிஸாக நடித்த டொனால்ட் ப்ளெசன்ஸ் கேட்டாராம். இரண்டு மாதிரியும் எடுத்து, இரண்டாவதை வைத்தார்கள். அதற்குப் பிறகு மாடிப்படி, கூடம், வெளியே இருட்டில் நிற்கும் வீடுகள் என்று அதுவரை நாம் பார்த்த இடங்களே வரிசையாக வருகின்றன. எதிலும் ஆள் இல்லை. முகமூடிக்குள் விடும் மூச்சு மட்டும் கேட்கிறது. பெயர்ப் பட்டியலில்கூட அவனை 'உருவம்' என்றுதான் போட்டார்கள். ஏன் கொல்கிறான் என்பதற்குப் படத்தில் பதிலே இல்லை.

அடுத்து வந்த படங்களில் பல இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் சறுக்கின. 1981இல் இரண்டாம் பாகத்தை எழுத உட்கார்ந்த கார்பென்டர், கதை நகராமல் இரவெல்லாம் பீர் குடித்துக்கொண்டு எழுதியதாகவும், லாரியைத் தங்கையாக்கியதற்காக வருந்துவதாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் படத்தின் தொலைக்காட்சி வடிவத்துக்காகப் புதிதாக எடுத்த காட்சிகளிலும் மருத்துவமனை அறைக் கதவில் 'தங்கை' என்று அவன் கீறி வைத்ததாகச் சேர்த்துவிட்டார்கள். அதோடு என் பயம் பாதியாகிவிட்டது. உறவுக்காரரைத்தான் தேடி வருகிறான் என்றால் என் வீட்டுக் கதவுக்கு வரமாட்டானே! ஆறாம் பாகம் ஒரு ரகசியக் கூட்டத்தையும் சாபத்தையும் கொண்டுவந்தது. ராப் ஸோம்பியின் 2007 படம் அவனுடைய பாழான குழந்தைப் பருவத்தைக் காட்டியது. காரணம் சேரச்சேர அவன் சிறுத்துக்கொண்டே போனான். 2018 படத்தில் லாரியின் பேத்தி, அவன் பாட்டிக்கு அண்ணன் என்பது ஊரார் கட்டிவிட்ட கதை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவாளே, அப்போது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பணத்துக்காகவா என்றால், ஆமாம், பணமும்தான். ஆனால் 1982இல் கார்பென்டரும், முதல் படத்தை அவரோடு சேர்ந்து எழுதித் தயாரித்த டெப்ரா ஹில்லும் ஒரு துணிச்சல் செய்தார்கள். மைக்கேலை விட்டுவிட்டு, அக்டோபர் 31 அன்று வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இரவை வைத்து ஒவ்வொரு முறையும் புதுக் கதை சொல்வது என்று முடிவெடுத்தார்கள். அப்படி வந்ததுதான் டாமி லீ வாலஸ் இயக்கிய மூன்றாம் பாகம். குழந்தைகளுக்கு முகமூடி விற்கும் ஒரு தொழிற்சாலை, ஓயாமல் ஓடும் ஒரு டிவி விளம்பரம். அந்த இரவில் விளம்பரம் ஓடினால் முகமூடி போட்ட குழந்தைகள் செத்துப்போவார்கள். கடைசிக் காட்சியில் கதாநாயகனான மருத்துவர் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவார். ஒரு சேனலில் நிற்கும், இன்னொன்றிலும் நிற்கும். மூன்றாவதில் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் கத்தக் கத்தப் படம் முடிந்துவிடும். இந்த வரிசையில் முதல் படத்துக்கு அடுத்து என்னைத் தூங்கவிடாதது இதுதான். மைக்கேல் எங்கே என்று ஜனங்கள் கோபப்பட்டார்கள். 1988இல் அவன் திரும்பி வந்துவிட்டான் என்பதைத் தலைப்பிலேயே போட்டு நான்காம் பாகம் வந்தது. ஆக, இத்தனை பாகங்களுக்குத் தயாரிப்பாளர்கள் மட்டும் பொறுப்பில்லை. கேட்டு வாங்கியவர்கள் நாம்.

அந்தத் தயாரிப்பாளர்களில் ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிரியாவில் பிறந்த முஸ்தபா அக்காத். முதல் படத்துக்குப் பணம் போட்டவர், எட்டாம் பாகம் வரை கூடவே நின்றவர். 2005 நவம்பரில் ஜோர்டான் தலைநகர் அம்மானில் நடந்த ஓட்டல் குண்டுவெடிப்பில் அவரும் அவருடைய மகளும் இறந்துபோனார்கள். யாரைக் கொல்கிறோம் என்றே பார்க்காமல் வெடிக்கவைத்த குண்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, படத்தின் தொடக்கத்தில் அவர் பெயர் வரும்போது ஒரு நொடி மனம் கனத்துவிடுகிறது.

2022இல் வந்த கடைசிப் படம் பலருக்குப் பிடிக்கவில்லை. நடுப்பகுதி எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மைக்கேலின் பிணத்தை ஊரே ஊர்வலமாகக் கொண்டுபோய் பழைய இரும்பு அரைக்கும் இயந்திரத்தில் போடுகிறதே, அந்தக் காட்சி ஏன் தேவைப்பட்டது என்று எனக்குப் புரிகிறது. 1978இல் புல்தரை காலியாக இருந்தது. இந்த முறை ஊர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு லாரியின் வீட்டு அறைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. எல்லாம் காலி. மேஜைமேல் முகமூடி கிடக்கிறது.

மகளைக் கூப்பிட்டு, முதல் படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தையும் இந்தக் கடைசி இரண்டு நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டி வையுங்கள். அப்புறம் அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.