பதில்: செவுள் வலையில் சிக்கும் கங்கை டால்பின்

பீகாரில் கங்கையாற்றில் உள்ள விக்ரமசீலா டால்பின் சரணாலயத்தை ஒட்டியுள்ள மீனவர்களுக்கு, செவுள் வலையிலிருந்து (மீனின் செவுள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும் வலை) டால்பினை விலக்கும் ஒலிக்கருவி வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். அந்தச் சத்தம் இரை கிடைக்கும் மடுவிலிருந்தே அதை விரட்டிவிடக்கூடும். ஏறக்குறையப் பார்வையற்ற இந்த விலங்கு எதிரொலியை நம்பியே நீந்துகிறது. வலையின் மெல்லிய நைலான் இழை அதற்கு எளிதில் புலப்படாது. சிக்கினால் மூச்சுவிட மேலே வரமுடியாமல் சில நிமிடங்களிலேயே இறந்துவிடும். ஆகவே மடுக்களிலும் ஆறுகள் கூடும் இடங்களிலும் செவுள் வலையே வேண்டாம். மற்ற இடங்களில் வலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல் படகிலேயே காத்திருக்கட்டும். உயிரோடு சிக்கியிருந்தால் வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது. தலையுச்சியில் உள்ள மூச்சுத்துளையை நீருக்கு மேல் தாங்கிக்கொண்டு வலையை அறுக்க வேண்டும். அறுத்த வலைக்கு யார் பணம் தருவது? மீனவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள், பதிலோடு போங்கள்.