உங்கள் பெயரை இப்போது யாராவது பிள்ளைகளுக்கு வைக்கிறார்களா?

வைப்பதில்லை. என் பெயர் அஞ்சலை. கேட்டவருக்கும் பழங்காலப் பெயர்தான் இருக்கும், யாரோ கிண்டல் செய்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். (ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) அப்போது லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) ஓர் அஞ்சலையாவது இருப்பாள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்து எழுத்தரான கிராணி "அஞ்சலை" என்றால், பால் வாளியும் கையுமாக நாலைந்து பேர் "ஐயா" என்று குரல் கொடுப்பார்கள். அவர் தலையை நிமிர்த்தாமலே "ஆயக்கொட்டகை வீட்டு அஞ்சலை" என்று திருத்திக் கூப்பிடுவார். ஆயக்கொட்டகை என்றால் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அந்த அஞ்சலை என் அத்தை. அவர் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள்.

அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. சனங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போனார்கள். முனியம்மா, காத்தாயி, அஞ்சலை எல்லாம் பாட்டிகளோடு நின்றுவிட்டன. இப்போது பாலர் பள்ளியில் தர்ஷினி, யாஷினிதான். அவையும் நல்ல பெயர்கள்தான். யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் என் பேத்திக்கு இரண்டாவது பெயராகவாவது அஞ்சலை இருக்கட்டும் என்றபோது, "எஸ்டேட் பேரு மாதிரி இருக்கு" என்றார் சம்பந்தியம்மா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எஸ்டேட் பேர்தான், அதில் என்ன குறைச்சல்? நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த நம் மலேசியப் பெண் அஞ்சலை பொன்னுசாமி, 2022இல் 102 வயதில் காலமானபோது இந்தியப் பிரதமரே இரங்கல் சொன்னார். கடலூர் அஞ்சலை அம்மாள் 1927இலேயே சென்னையில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லிப் போராடிச் சிறைக்குப் போனவர். எந்த நாகரிகப் பெயருக்கு இந்தப் பெருமை உண்டு?

பெயரை மாற்ற நினைத்தால் அது உங்கள் விருப்பம். நான் மாற்ற மாட்டேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். தோட்டத்தை விற்றபோது எல்லாருக்கும் வீடு தருகிறோம் என்றார்கள். லயத்தை மட்டும் உடனே இடித்தார்கள். வீடு கேட்டுக் கொடுத்த மனுவில் அத்தனை அஞ்சலைகளும் கைநாட்டு வைத்திருக்கிறார்கள், என் அத்தையும்தான். அவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீடு இன்னும் வரவில்லை.