ஆச்சி பார்த்த படம்

வாசகி, பள்ளத்தூர்: 'மெய்யழகன்' முழுக்கப் பேச்சாகவே இருக்கிறதே ஆச்சி! என் வீட்டுக்காரர் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார். உங்களுக்கு எப்படி?

அவரைத் தூங்க விட்டுவிட்டு நீங்கள் மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அரவிந்த்சாமி, 22 வருஷம் கழித்துத் தங்கச்சி கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். 'அத்தான், அத்தான்' என்று கார்த்தி விழுந்து விழுந்து கவனிக்கிறார். இவருக்கோ அந்தப் பையன் யாரென்றே ஞாபகமில்லை. பெயரைக் கேட்கவும் கூச்சம். இந்த அவஸ்தையை வைத்தே படத்தைக் கொண்டுபோய்விட்டார் இயக்குநர் பிரேம்குமார்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் இது நடக்காத கல்யாண வீடு உண்டா? கையைப் பிடித்துக்கொண்டு 'என்னைத் தெரியுதா?' என்பார்கள். 'தெரியாமல் என்ன!' என்று சிரித்துவிட்டு, வீட்டின் உள்பக்கம் இரண்டாங்கட்டுக்குப் போய் யாரென்று விசாரிப்பேன். செட்டிநாட்டுச் செட்டியார்களான எங்கள் நகரத்தாருக்கு ஒரு வசதி, ஒன்பது கோவில் இருக்கிறது, ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒன்றைச் சேர்ந்தது. எந்தக் கோவில், எந்த ஊர், யார் வீடு என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டால் ஆளைப் பிடித்துவிடலாம். பாவம், அரவிந்த்சாமிக்கு அந்த வழியும் இல்லை.

கார்த்தி வரலாறு, போர் என்று பேசிக்கொண்டே போகும் இடம் எனக்கும் நீளம்தான். படம் வந்த பிறகு 18 நிமிஷம் வெட்டினார்கள். வெட்டியதில் தப்பில்லை.

வாசகர், தேவகோட்டை: கதை எங்கே நடந்தாலும் பெரிய வீடு என்றால் சினிமாக்காரர்கள் நம் ஊர் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். பெருமைதானே?

பெருமைதான். ஆனால் மதுரைப் பண்ணையார் வீடு என்று சொல்லிவிட்டு, தரையில் ஆத்தங்குடிக் கல்லும் முகப்பில் பர்மா தேக்குத் தூணும் தெரிந்தால் எனக்குக் கதை அங்கேயே நின்றுவிடும். நம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எந்தத் தெரு என்று தேட ஆரம்பித்துவிடுவேன். ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்து ஊற்றிக் கையால் செய்வது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறி வெயிலில் காய்வதோடு சரி. நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். அதன் மேல் வில்லன் ஆட்கள் செருப்புக் காலோடு ஓடுகிறார்கள், வீட்டு நடுவே இருக்கும் வளவு முற்றத்தில் ஜீப்பைத்தான் இன்னும் நிறுத்தவில்லை! படப்பிடிப்பு வாடகையில் சில வீடுகளின் ஓடு மாற்றப்படுகிறது என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், வீட்டைக் காட்டத்தான் நம்மூர் என்று நினைத்துவிடாதீர்கள். ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ வைத்து 'நாம் இருவர்' எடுத்தார். 1947இல் வந்த படம். ஏவி.எம். சென்னைக்குப் போனதெல்லாம் அப்புறம்.

வாசகர், திருப்பத்தூர்: 'மகாராஜா' புரிந்ததா?

பேரன் பக்கத்தில் இருந்ததால் புரிந்தது. சலூன் கடை விஜய் சேதுபதி, குப்பைத் தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கும் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கலைத்துப் போட்ட கெட்டிக்காரத்தனத்துக்காக இயக்குநர் நிதிலனைப் பாராட்டலாம். வெட்டு, ரத்தம் வந்தபோதெல்லாம் அடுப்படிக்குப் போய்விட்டேன். வீட்டில் பார்ப்பதில் அந்தச் சௌகரியம் உண்டு.

வாசகி, கோட்டையூர்: மாமியார், நாத்தனார், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள். யாரும் நெளியக் கூடாது.

'டூரிஸ்ட் ஃபேமிலி' பாருங்கள், 2025இல் வந்தது. இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்கும் சசிகுமார், சிம்ரன் குடும்பம் சென்னையில் ஒளிந்து வாழ வேண்டும். அக்கம்பக்கத்தில் யாரோடும் பேசாதே என்று சொன்னாலும் சசிகுமாருக்கு வாய் சும்மா இருக்காது. சென்னையில் அவர்கள் ஒளிந்து வாழ வந்த வீட்டின் சொந்தக்காரரே போலீஸ்காரராக இருப்பது நம்பும்படியா இருக்கிறது என்று என் மருமகள் கேட்டாள். நம்பும்படி இல்லைதான். ஆனால் கதை சொன்ன அபிஷன் ஜீவிந்த் சின்னப் பையன், முதல் படம். அதற்காக ஒன்றை விட்டுக் கொடுக்கலாம். சிம்ரனுக்கு இன்னும் நாலு காட்சி எழுதியிருக்கலாம் என்பதை மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டேன். நாத்தனார் அழுகிறவர் என்றால் கைக்குட்டை கொடுத்து உட்கார வையுங்கள்.