பென்டிரைவைக் கழற்றியதும் டெஸ்க்டொப் படம் காணாமல் போகிறதே, ஏன்?

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் வாசிகசாலை லப்டொப்களில் லினக்ஸ் மின்ட் சினமன் இருக்கிறது. இரணைமடுக் குளம் வான் பாயும் படமொன்றைப் பென்டிரைவிலிருந்து பின்னணியாகப் போட்டோம். அடுத்த நாள் வெறும் கறுப்புத் திரை. படம் இருந்தபோதும் மேலும் கீழும் வெட்டுப்பட்டே தெரிந்தது. லொகின் திரையிலும் இதே படம் வேண்டும்.

பதில்:

சினமன் (மின்டின் டெஸ்க்டொப்) படத்தை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. அது கிடக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். பென்டிரைவைக் கழற்றினால் அந்த இடமே இல்லை, பின்னணி நிறம்தான் மிஞ்சும். இன்னொரு லினக்ஸான உபுண்டுவின் இப்போதைய பதிப்பில் அப்பியரன்ஸ் பக்கத்தில் 'அட் பிக்சர்' கொடுத்தால் அது தானே ஒரு பிரதி எடுத்து வைக்கும். அங்கே பழகியவர்கள் மின்டில் தடுமாறுவது இதனால்தான்.

ஆகவே முதலில் படத்தை பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் கொப்பி பண்ணுங்கள். பிறகு டெஸ்க்டொப்பில் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டெஸ்க்டொப் பேக்ரவுண்ட்'. இடப்பக்கம் பிக்சர்ஸைத் தெரிந்து, படத்தில் ஒரு கிளிக், அவ்வளவுதான். வேறு ஃபோல்டர் என்றால் இடப்பக்கப் பட்டியலின் அடியிலுள்ள கூட்டல் பொத்தானால் சேர்க்கலாம். கழித்தல் பொத்தான் பட்டியலிலிருந்துதான் நீக்கும், ஃபோல்டரை அழிக்காது, பயப்பட வேண்டாம்.

வெட்டுப்படுவதற்குக் காரணம் படத்தின் வடிவம். போன் படம் பெரும்பாலும் 4:3, உதாரணமாக 4000×3000. பழைய லப்டொப் திரை பெரும்பாலும் 1366×768. 'சூம்' முறையில் அகலத்தை நிரப்பும்போது உயரம் ஏறக்குறைய 1024 ஆகும். மேலே 128, கீழே 128 பிக்சல் போய்விடும். வான்கதவுகள் படத்தின் அடியில் இருந்தால் அவையே போகும். அதே பேக்ரவுண்ட் ஜன்னலின் செட்டிங்ஸ் டாப்பில் 'ஸ்கேல்ட்' தெரிவு செய்தால் முழுப்படமும் வரும், ஆனால் இரு பக்கமும் பட்டை விழும். 'ஸ்ட்ரெச்ட்' வேண்டவே வேண்டாம், குளக்கட்டு சப்பையாகிவிடும். பிக்ஸ் என்ற படச் செயலியில் எந்தப் பகுதி வேண்டுமோ அதை நீங்களே கிரொப் பண்ணி, 1366×768க்குச் சுருக்கி, வேறு பெயரில் சேமிப்பதே சரி. பழைய கணினிக்கு இதில் இன்னொரு நன்மை: 4000×3000 படம் விரியும்போது 48 எம்பி அளவு நினைவகம் கேட்கும், சுருக்கியது ஏறக்குறைய 4 எம்பிதான் கேட்கும். 2 ஜிபி ராம் உள்ள கணினியில் இது சின்ன விஷயமல்ல.

வாட்ஸப்பில் படம் வாங்குகிறீர்களென்றால் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து, தண்ணீர்ப் பரப்பெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஐபோனின் ஹெய்க் (HEIC) வகைப் படம் பட்டியலிலேயே வராமல் போகலாம். ஜேபெக் ஆக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

லொகின் திரைக்கு வேறு இடம் வேண்டும். அது யாரும் உள்நுழைய முன்னரே, தனியொரு பயனர் கணக்கில் ஓடுகிறது. உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறக்க அதற்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். ஃபைல் சிஸ்டத்தில் யூஎஸ்ஆர் (usr), அதற்குள் ஷேர், அதற்குள் பேக்ரவுண்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய், வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து 'ஓபன் அஸ் ரூட்' கொடுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும். படத்தை அங்கே போட்டுவிட்டு அந்த ஜன்னலை உடனே மூடுங்கள், அதில் தவறுதலாக எதையாவது அழித்தால் சிஸ்டமே கெடும். பிறகு சிஸ்டம் செட்டிங்ஸில் 'லொகின் விண்டோ' திறந்து அந்தப் படத்தைத் தெரியுங்கள். லப்டொப்பில் பல கணக்குகள் இருந்தாலும் எல்லோரும் இதே பிரதியைப் பாவிக்கலாம். அப்படியும் படம் வராவிட்டால் கோப்பின் புரொப்பர்ட்டீஸில் பெர்மிஷன்ஸ் பாருங்கள்: 'அதர்ஸ்' என்பதற்கு 'ரீட் ஒன்லி' இருக்க வேண்டும்.